நோயாளிக்குப் புதிய பாடல் எதற்கு?

சிறுநீரக நோய்க்கான சிகிச்சையில் ‘வேண்டாம்’ என்னும் சொல்லுக்குத்தான் வேலை அதிகம். இளநீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், ஊறுகாய் வேண்டாம், தண்ணீரை அளந்து குடியுங்கள் என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கே அலுத்துவிடுகிறது. நாள்தோறும் அதைக் கேட்டு நடக்கும் உங்களுக்கு எப்படியிருக்கும் என்பதை நாங்கள் உணராமல் இல்லை. இத்தனை விலக்குகளுக்கு நடுவே, உப்பையும் பொட்டாசியத்தையும் கணக்கிடாமல் உள்ளே அனுமதிக்கத்தக்க ஒன்று உண்டு. அது இசை. அதிலும், இதுவரை நீங்கள் பெயர்கூடக் கேட்டிராத, இப்போதுதான் வளர்ந்து வருகிற கலைஞர்களின் இசையைத் தேடிக் கேளுங்கள் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஓராண்டில் 600 மணி நேரத்துக்கும் மேலாக அந்தப் படுக்கையில் கழிக்கிறார். வெளியே காத்திருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ அதே 600 மணி நேரம் நாற்காலியில் போகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களிலிருந்து பேருந்திலும் மின்சார ரயிலிலும் வந்து சேர்கிற நேரம் தனி. இந்த மணிகளை என்ன செய்வது என்பது பல குடும்பங்களில் பேசப்படாத கேள்வி. பெரும்பாலும் மகனோ மருமகளோ கைபேசியில் சில பக்திப் பாடல்களையும் பழைய திரைப்பாடல்களையும் ஏற்றித் தந்துவிடுகிறார்கள். அன்போடு செய்யும் செயல்தான் அது. குறை கூற ஒன்றுமில்லை. பதினெட்டு வயதில் மனத்தில் பதிந்த பாட்டு அறுபத்தெட்டு வயதிலும் தரும் ஆறுதலுக்கு ஈடில்லை என்பதை நாங்களும் அறிவோம்.

ஆனால் அந்த அன்புக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. ‘இவர் இனிப் புதிதாக எதையும் அறியப்போவதில்லை, அறிந்ததைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்’ என்பதே அது. நோயாளியும் நாளடைவில் அதை நம்பத் தொடங்கிவிடுகிறார். நோயின் பெயரால் உலகம் வீடு, மருத்துவமனை, மருந்துக்கடை என்று சுருங்கும்போது, காதும் அதனோடு சுருங்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. நீண்டகால நோயுள்ளவருக்கும் அடுத்த மாதம் என்ன புதிதாக வரும் என்று ஆவலோடு காத்திருக்கும் உரிமை உண்டு. ஆய்வக அறிக்கையைத் தவிர வேறொன்றுக்காகவும் அவர் காத்திருக்கட்டும்.

மருத்துவர் எழுதுவதால் மருத்துவம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். இசை கிரியாட்டினினைக் குறைக்காது; அப்படி யாரேனும் கூறினால் நம்பாதீர்கள். உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு. 2015-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அறுவை சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 7,000 பேரிடம் நடத்தப்பட்ட 73 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தது. இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்திருந்தன. வலிமருந்தின் தேவையும் குறைந்திருந்தது. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறையவில்லை என்பதையும் அதே ஆய்வு நேர்மையாகப் பதிவு செய்கிறது. 2008-இல் பின்லாந்து நாட்டில் பக்கவாதத்துக்கு ஆளான 60 பேரிடம் நடந்த ஆய்வில், இரண்டு மாதங்கள் நாள்தோறும் தாமே தேர்ந்தெடுத்த இசையைக் கேட்டவர்களின் சொல் நினைவாற்றலும் கவனக் குவிப்பும் மற்றவர்களைவிட நன்கு மீண்டன.

எங்களை மிகவும் ஈர்த்தது 2013-இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரிலிருந்து வந்த ஓர் ஆய்வு. அதில் பங்கேற்றவர்களுக்கு, முன்பு ஒருபோதும் கேட்டிராத பாடல்களின் சிறு பகுதிகள் ஒலிபரப்பப்பட்டன. பிடித்திருந்தால் தம் கைக்காசைக் கொடுத்து அந்தப் பாடலை வாங்கலாம். அவ்வேளையில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, எதிர்பார்ப்போடும் மகிழ்ச்சியோடும் தொடர்புடைய ஒரு சிறு பகுதி எவ்வளவு கிளர்ந்ததோ அவ்வளவுக்கு அதிக விலை கொடுக்க அவர்கள் முன்வந்தனர். அந்தப் பகுதி தனித்து இயங்கவில்லை. ஒலிகளைச் சேமித்து வைத்திருக்கும் செவிப்புலப் பகுதியோடு கைகோத்தே இயங்கியது. அதாவது, புதிய பாட்டை மூளை பழைய பாட்டுகளின் துணைகொண்டுதான் அளக்கிறது. நீங்கள் ஆயுள் முழுவதும் கேட்ட பாட்டெல்லாம் புதியதைச் சுவைப்பதற்கான முதலீடு. ‘இந்த வயதில் எனக்கு இதெல்லாம் புரியுமா’ என்பவர்களிடம் இருபது வயதுக்காரரைவிட அந்த முதலீடு கூடுதலாகவே இருக்கிறது.

ஆகவே தொலைவிலிருந்து தொடங்காமல் அருகிலிருந்து தொடங்குவது நல்லது. அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து செல்லும் மின்சார ரயிலின் மறுமுனையில் அரக்கோணம் இருக்கிறது. பாடலாசிரியரும் ராப் பாடகருமான அறிவு அந்த ஊர்க்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் கதையிலிருந்து அவர் உருவாக்கி, தீயுடன் இணைந்து பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021-இல் வெளிவந்து உலகெங்கும் கேட்கப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2018 ஜனவரியில், கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவின் முதல் மேடையில் அவர் பலருள் ஒருவராக நின்றார். கானா, ராப், ராக் ஆகிய மூன்றும் அந்த மேடையில் ஒன்று கலந்தன. ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடும் இசைவாணியும் அதே குழுவில் வளர்ந்தவர். 2020-இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். ராப் என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்களிடம் நாங்கள் சொல்வது: தெருக்கூத்தின் கட்டியங்காரனை ரசித்தவருக்கு ராப் அந்நியமன்று. கருநாடக இசையில் ஊறியவர்கள், அந்த இராகங்களை கிடாரிலும் டிரம்ஸிலும் வாசிக்கும் சென்னைக் குழுவான ‘ஜடாயு’விலிருந்து தொடங்கலாம், அவர்கள் இசை பெரும்பாலும் பாட்டு வரிகள் இல்லாத வாத்திய இசை, எனவே கண்மூடிக் கிடப்பவருக்கு உகந்தது.

அங்கிருந்து கடல் கடப்பது எளிது. ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டைச் சேர்ந்த எம்டூ மோக்டார் என்னும் கிடார் கலைஞரைப் பற்றி அம்பத்தூர்க்காரர்களிடம் சொல்வதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. சகாராப் பாலைவனத்தின் துவாரெக் இனத்தவரான அவர், வீட்டில் ஒப்புதல் இல்லாத நிலையில், முதல் கிடாரைத் தாமே செய்துகொண்டார். நரம்புகளாகக் கட்டியது மிதிவண்டியின் கம்பிகளை. தலைமுறைகளாக மிதிவண்டி செய்து உலகுக்கு அனுப்பிய நம் ஊரில் இதைக் கேட்டு வியக்காதவர் யார்? அவருடைய தொடக்ககாலப் பாடல்கள் பரவிய விதம் இன்னும் சுவையானது. இணைய வசதி குறைந்த அப்பகுதியில் மக்கள் கைபேசியிலிருந்து கைபேசிக்கு, மெமரி கார்டுகள் வழியே பாடல்களை மாற்றிக்கொண்டனர். நம் பேருந்து நிலையக் கடைகளில் சில்லறைக் காசுக்கு மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அதே பாதையில் வந்த ஒருவர் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மேடையேறுகிறார். ‘ஆஃப்ரிக் விக்டிம்’ என்னும் அவரது 2021-ஆம் ஆண்டு ஆல்பத்தைக் கேட்டால், மொழி புரியாவிட்டாலும் காலால் தாளம் போடுவீர்கள். டயாலிசிஸ் படுக்கையில் காலை ஆட்டுவதற்குத் தடையில்லை.

நோயாளியின் உடனிருப்பவர்களுக்கு நாங்கள் கூற விரும்பும் பெயர் வேறு. பாகிஸ்தானிய வேர்கள் கொண்டு அமெரிக்காவில் வாழும் அரூஜ் ஆஃப்தாப், இளைய சகோதரரை இழந்த துயரினூடே ‘வல்ச்சர் பிரின்ஸ்’ என்னும் ஆல்பத்தை 2021-இல் வெளியிட்டு அவருக்கே அதைக் காணிக்கையாக்கினார். உருது கஜல்களை யாழ், கிடார் ஆகியவற்றோடு மிக மெதுவாக அவர் பாடுகிறார். அடுத்த ஆண்டு அவருக்கு கிராமி விருது கிடைத்தது. பாகிஸ்தானியர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. தைரியம் சொல்லும் பாட்டுகள் ஏராளம். துயரத்தை அவசரப்படுத்தாமல் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பாட்டுகள் குறைவு. இரவு வார்டின் வராந்தாவில் உறங்காமல் இருப்பவர்களுக்கு அவை தேவைப்படுகின்றன.

எப்படித் தேடுவது? கைபேசிச் செயலிகளை மட்டும் நம்பினால் நேற்று கேட்டதையே நாளையும் பரிமாறும். அவற்றின் இயல்பு அது. மனிதர்களைக் கேட்பதே சிறந்த வழி. பேரப்பிள்ளையிடம், ‘நீ இந்த வாரம் கேட்டதில் எனக்கு ஒன்று போடு’ என்று கேளுங்கள். உடல்நிலையைத் தவிரப் பேச வேறொன்று இருவருக்கும் கிடைக்கும். அடுத்த படுக்கையையும் பாருங்கள். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒடிசா, பீகார், வங்காளத் தோழர்கள் நம் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். மேற்கு ஒடிசாவைச் சேர்ந்தவரானால் சம்பல்புரிப் பாடல்களில் இப்போது யார் நன்றாகப் பாடுகிறார் என்று கேட்டுப்பாருங்கள். மொழி தெரியாத ஊரில் நோயுற்றுக் கிடப்பவருக்கு அந்தக் கேள்வி மருந்துச் சீட்டைவிட இதமாக இருக்கக்கூடும். ஒரு முறைக்கு ஒரு புதுப் பாட்டு போதும். பிடிக்காவிட்டால் நிறுத்திவிட்டுப் பழையதற்குத் திரும்புங்கள். இதில் கட்டாயம் ஏதுமில்லை.

எங்கள் பிரிவுக்குரிய சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். சிகிச்சையின்போது ஒரு காதில் மட்டும் இயர்போன் அணியுங்கள்; இயந்திரத்தின் எச்சரிக்கை ஒலியும் செவிலியரின் குரலும் மறு காதுக்குக் கேட்க வேண்டும். ஃபிஸ்டுலா உள்ள கையால் கைபேசியைப் பிடிக்காதீர்கள். இயர்போனைப் பிறருடன் பகிராதீர்கள். ஒலியளவு 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஊசிகளும், புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டினும் சிலருக்குக் கேட்கும் திறனைப் பாதிக்கலாம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகளே. வழக்கமாகக் கேட்கும் பாட்டில் ஜால்ராவின் ஒலி மெலிந்ததாகத் தோன்றினாலோ, காதில் ஓயாத இரைச்சல் எழுந்தாலோ, அடுத்த முறை வரும்வரை பொறுத்திருக்காமல் அன்றே செவிலியரிடம் தெரிவியுங்கள். செவித்திறன் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வோம்.