பெட்டி எதற்கு, வட்டு எங்கே?

பெங்களூரு சிவாஜிநகரின் குஜரிக் கடைகளில் பழைய காருக்கு முழுதாக மதிப்பில்லை. கதவுக்கு ஒரு விலை, கியர்பெட்டிக்கு ஒரு விலை. எது உதவும், எது வெறும் இரும்பு என்று பிரித்த பிறகே பேரம். பழைய யூனிக்ஸ் பணிநிலையம் ஒன்று விலைக்கு வந்ததும் ‘ஆய்வகத்துக்கு வாங்கிவிடலாம்’ என்று துள்ளும் மொழியியலாளர்களிடம் இந்த விவேகத்தைக் காணோம்.

அவர்கள் சொல்லும் நியாயம் இது: தொண்ணூறுகளின் ஒலியியல் ஆய்வுகள் பல சன் கணினிகளில் நடந்தன, அவற்றை மீண்டும் சரிபார்க்க அதே பொறி வேண்டும். முற்பகுதி உண்மை. என்ட்ரோபிக் நிறுவனத்தின் ஈஎஸ்பிஎஸ் மென்பொருளை நம்பியே அன்று பல ஆய்வகங்கள் இயங்கின. 1999இல் அந்நிறுவனம் மைக்ரோசாஃப்டின் கைக்குப் போயிற்று. ஆனால் அதன் சுருதி கணிக்கும் நெறிமுறை வேவ்சர்ஃபர் வழியாக இன்றைய மடிக்கணினியிலும் ஓடுகிறது.

பிற்பகுதிதான் பிழை. சந்தையில் கிடைப்பது ‘அதே பொறி’ அன்று. ஸ்பார்க்ஸ்டேஷனின் அடையாள எண் ஒரு நினைவகச் சில்லில் இருக்கிறது. அச்சில்லுக்குள்ளேயே லித்தியம் மின்கலத்தை வைத்து மூடியிருக்கிறார்கள். மின்கலம் செத்தால் கணினி தன் எண்ணையே மறந்துவிடும். புதிதாக ஓர் எண்ணை ஊட்டலாம். ஆனால் அக்கால உரிமங்கள் பல பழைய எண்ணோடு பிணைக்கப்பட்டவை. வேறொருவர் கழித்துக்கட்டிய பெட்டியில் உங்கள் துறையின் பழைய உரிமம் எப்படித் திறக்கும்? இயங்குதளத்தைப் பார்க்கும் ஆசை மட்டுமே என்றால், ஸ்பார்க்ஸ்டேஷன் 5ஐப் போலவே நடிக்கும் க்யூஎமு இலவசமாகவே கிடைக்கிறது.

இழந்ததை எந்தப் பொறியும் மீட்டுத் தராது என்பதும் ஒன்று. 1989இல் வந்த முதல் ஸ்பார்க்ஸ்டேஷனின் ஒலிப்பதிவு நொடிக்கு 8,000 மாதிரிகள், எட்டு பிட். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் அதில் பதியாது. ஸகர உரசொலியின் ஆற்றலில் பெரும்பங்கு அதற்கு மேலேதான் இருக்கிறது. அப்பதிவுகளைக் கொண்டு உரசொலிகளை ஒப்பிட, மூலப்பொறியே கிடைத்தாலும் வழியில்லை.

மிஞ்சுவது வட்டு. களப்பதிவுகள் அதில்தான் உறங்குகின்றன. பேசியவர்களில் சிலர் இன்று உயிரோடிருக்கமாட்டார்கள். ஸ்கஸி அட்டை பொருத்திய ஒரு சாதாரண லினக்ஸ் கணினி போதும். முதலில் வட்டு முழுவதையும் படியெடுக்க வேண்டும். பிறகு அப்படியை வாசிப்புக்கு மட்டும் திறக்க வேண்டும். சன் கோப்பமைப்பை லினக்ஸ் கருநிரல் வாசிக்கும். எண்களின் பைட் வரிசை தலைகீழாக இருக்கும். அதைத் திருப்பச் சில வரி நிரல் போதும். துறையிலேயே மூலப்பொறி கிடந்தால், இது முடியும்வரை அதைக் கழிவுப் பட்டியலில் சேர்ப்பது குற்றம்.

இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டாம், ஆள்தான் வேண்டும். கோப்பின் பெயர் ‘எஃப்3_12’ என்று மட்டும் இருந்தால் அது எந்த ஊர், யார் குரல், எந்த ஆண்டு? விடை வட்டில் இல்லை, பதிவு செய்த பேராசிரியரின் குறிப்பேட்டில் இருக்கிறது. அவர் ஓய்வு பெறும் நாளில் அலமாரி காலி செய்யப்படும்.