ரெண்டு மடங்கு பம்பு, ரெண்டு மடங்கு பிரஷரா? அடப் போங்கப்பா!

கணக்கே தெரியாதவனைக்கூட நம்பிடலாம் மக்களே, பாதிக் கணக்கு தெரிஞ்சவனை நம்பவே கூடாது. எண்ணெய்க் கிணறு தோண்டற ரிக்கில் சில வருஷம் குப்பை கொட்டினவன் என்ற உரிமையில் சொல்றேன்.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ட்ரில்லிங் பரீட்சைக்குப் படிக்கிற ரெண்டு பசங்களோட பேசிக்கிட்டிருந்தேன். "சார், மட் பம்பை ரெண்டு மடங்கு வேகமா ஓட்டினா பிரஷரும் ரெண்டு மடங்குதானே?" என்றான் ஒருத்தன். இல்லப்பா, கிட்டத்தட்ட நாலு மடங்கு! வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் ரங்கா ரங்கா கோபுர வாசலில் கூட்டம் ரெண்டு மடங்கு வேகத்தில் புகுந்தா நெரிசல் ரெண்டு மடங்கோட நிக்குமா?

இன்னொருத்தன் கெட்டிக்காரன். புது வேகத்தைப் பழைய வேகத்தால் வகுத்து, வர்க்கம் எடுத்து, பழைய பிரஷரால் பெருக்கினான். கோச்சிங்கில் அதோட பாடம் முடிஞ்சுதாம். என் கோபமே இங்கதான்.

அந்த வர்க்கம் ஒரு தோராயம். கொந்தளிச்சு ஓடற மட்டுக்கு அடுக்கு 1.8 பக்கம் வரும். ஓட்டம் சாந்தமானா இன்னும் குறையும். நிமிஷத்துக்கு 100 ஸ்ட்ரோக்கில் 3000 பி.எஸ்.ஐ. இருக்குன்னு வைங்க. 30க்கு இறக்கினா? வர்க்கக் கணக்கு 270 என்கும். 1.8 போட்டா சுமார் 343.

"73 தானே சார்?"

தானேவா? கிணத்துக்குள்ள கேஸ் புகுந்துட்டா மெதுவா பம்ப் பண்ணித்தான் வெளியேத்தணும். மூடின கிணத்தில் ட்ரில் பைப் காட்டற பிரஷரோட இந்த மெதுவேக பிரஷரைக் கூட்டினாத்தான் ஆரம்பத்தில் பிடிக்க வேண்டிய பிரஷர். அதில் 73 குறைச்சுப் பிடிச்சா அடியிலும் 73 குறையும், மேலும் கேஸ் உள்ள வரலாம். கேசிங் பிரஷர் மாறாம பம்பை ஏத்தினா தப்பு தெரிஞ்சுடுமேன்னு கேப்பீங்க. நிதானமா இருக்கறவனுக்குத் தெரியும். ராத்திரி 2 மணிக்கு அலாரம் அலறும்போது பேப்பரில் எழுதின நம்பரைத்தான் கை நம்பும்.

1995 ஜனவரியில் ஆந்திரா பாசர்லபுடியில் ஓ.என்.ஜி.சி. கிணறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. அணைக்க 65 நாள் ஆச்சு. காரணம் இந்தக் கணக்குன்னு சொல்ல வரல, கேஸ் கையை மீறினா என்ன ஆகும்னு சொல்றேன். நம்ம காவிரிப் படுகையில், நரிமணம் பக்கம், வயலும் வீடும் இருக்கற இடத்துலதான் கிணறு.

அதனால ஷிப்டுக்கு ஒரு தடவை அந்த மெதுவேகத்தில் ஓட்டி, அளந்து எழுதுங்க. மட் எடை மாறினா, பிட் மாத்தினா, பம்ப் லைனர் மாத்தினா மறுபடி அளங்க. ஃபார்முலா அளந்ததைச் சரிபார்க்கத்தான், அளக்காம தப்பிக்க இல்ல. கோச்சிங் வாத்தியார்களே, இந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்க, புண்ணியமா போகும்!