கடாரத்துக்கு மிதிவண்டி போதும்

நம் தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு மலர்களைப் புரட்டிப் பாருங்கள். 'கல்விச் சுற்றுலா' என்னும் தலைப்பின் கீழ் ஒரே செய்திதான் ஆண்டுதோறும் அச்சேறுகிறது. விடியற்காலையில் பேருந்து, கோலாலம்பூர், இரட்டைக் கோபுரத்தின் அடியில் ஒரு நிழற்படம், பத்துமலை, நேரமிருந்தால் விலங்ககம், நள்ளிரவில் வீடு. மாணவர்களில் பாதிப் பேர் போகும் வழியில் உறங்குகின்றனர்; மீதிப் பேர் வரும் வழியில் உறங்குகின்றனர். இதில் கல்வியும் இல்லை, சுற்றுதலும் இல்லை என்பது என் துணிபு.

கெடா மாநிலத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு வேண்டுவது மிதிவண்டிச் சுற்றுலா. அதுவும் லாரியும் காரும் விரையாத வழிகளில். அத்தகைய வழிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் ரப்பரையும் செம்பனையையும் ஊடறுத்துச் செல்லும் செம்மண் சாலைகள் எத்தனை! வடக்கே, நெல்வயல்களுக்கு நடுவே, மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால் கரைகள் எத்தனை! அறுவடைக் காலம் நீங்கலாக, அக்கரைகளில் கொக்குகளுக்கு இருக்கும் உரிமையை நம் பிள்ளைகள் கேட்டதே இல்லை.

இதனை ஆசிரியர் கூட்டங்களில் எடுத்துரைக்கும்போது, "இஃது ஐரோப்பியரின் ஓய்வுநேர விளையாட்டு, ஐயா, நமக்கு எதற்கு?" என்று கேட்போர் உளர். அவர்கள் பிரான்சு நாட்டின் வரலாற்றைச் சற்றுப் படித்தல் நன்று. மிதிவண்டியேறி நாட்டுப்புறம் காணும் வழக்கத்தை அங்கே பரப்பியவருள் தலையாயவர் பால் தெ விவி. 'வெலோசியோ' என்னும் புனைபெயரால் அறியப்பட்ட அவர், 1930-இல் மறையும் வரை சேன்-எத்தியேன் என்னும் தொழில் நகரிலிருந்தே எழுதியும் ஓட்டியும் காட்டினார். 1936-இல் அந்நாட்டுத் தொழிலாளர் சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாகப் பெற்றபோது, ஆலையிலும் பட்டறையிலும் உழைத்தவர்கள் மிதிவண்டிகளில் ஏறிக் கடலையும் வயலையும் காணச் சென்றனர். செல்வரின் பொழுதுபோக்கு என்று இதனைச் சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

அந்நாட்டார் அதனோடு நில்லாமல், கைவிடப்பட்ட இருப்புப்பாதைகளையும், முற்காலத்தில் குதிரைகள் படகுகளை இழுத்து நடந்த வாய்க்கால் கரைகளையும், மோட்டார் வண்டி நுழையாத 'பசுமை வழி'களாக மாற்றினர். 2004-இல் அவ்வழிகளுக்குச் சாலைச் சட்டத்திலேயே தனி இடம் தந்தனர். நாந்து நகரையும் பிரெஸ்து நகரையும் இணைக்கும் பழைய வாய்க்காலின் கரையில் இன்று குடும்பம் குடும்பமாக மிதிவண்டி ஓட்டுகின்றனர். லுவார் ஆற்றை ஒட்டிய வழி மட்டும் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளம். இவர்கள் புதிதாக ஒரு மலையையும் குடையவில்லை. ஏற்கெனவே கிடந்த பாதையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள், அவ்வளவே.

நாமோ பிரெஞ்சுக்காரரிடமிருந்து பெற்றது பெயரை மட்டும். 1996 முதல் நம் மாநிலத்துத் தீவின் பெயராலேயே ஒரு மிதிவண்டிப் பந்தயம் நடந்து வருகிறது: 'லெ தூர் டி லங்காவி'. அதற்குச் சாலைகளை அடைக்கிறோம்; விளம்பரத் துணி கட்டுகிறோம்; வேகத்தைக் கண்டு கைதட்டுகிறோம். பந்தயத்தை நான் பழிக்கவில்லை. மிதிவண்டியென்றால் பந்தயம் என்று மட்டுமே பிள்ளைகளின் மனத்தில் பதிய விட்டோமே, அதனைத்தான் பழிக்கிறேன்.

நம் சமூகத்துக்கு மிதிவண்டி அந்நியப் பொருளா? பெரட்டுக்குப் போனவரும், பால் வாளியைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு கொட்டாய்க்கு விரைந்தவரும், தோட்டத்துப் பள்ளிக்கு வந்த ஆசிரியரும் அதனையே நம்பியிருந்தனர். (1941 டிசம்பரில் ஜித்ராவைக் கடந்து தெற்கே இறங்கிய சப்பானியப் படையும் மிதிவண்டிகளில்தான் வந்தது என்பதை மாணவரிடம் சொல்லிப் பாருங்கள், எந்த வரலாற்றுப் பாடத்துக்கும் விரியாத கண்கள் விரியும்.) பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. வரட்டும். ஆனால் அதனோடு ஒரு நாணமும் வந்து சேர்ந்தது. மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் பிள்ளை வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளை என்று சக மாணவர் மட்டுமல்லர், பெற்றோரும் எண்ணத் தலைப்பட்டனர். இன்று பள்ளி வேனின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னே அமர்ந்து வரும் மாணவனுக்குத் தன் பாட்டன் பால் வெட்டிய தீம்பார் எத்திசையில் இருந்தது என்பதே தெரியாது. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியான பின், காட்டவும் ஒன்றும் மிஞ்சாது.

கடாரத்தின் நிலைமையைப் பாருங்கள். 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியதை நாம் உணர்ச்சி பொங்கக் கற்பிக்கிறோம். பட்டினப்பாலையில் வரும் 'காழகம்' கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டதை மேல்வகுப்பில் எடுத்துக்காட்டுகிறோம். ஆனால் பீடோங்கில் அமர்ந்து இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர், பூஜாங் பள்ளத்தாக்கின் ஒரு செங்கல்லையேனும் மாணவருக்குக் காட்டினாரா? பீடோங்கிலிருந்து செமிலிங் வழியே மெர்போக்குக்கு ஒரு காலைப்பொழுதில் மிதிவண்டியில் போய்த் திரும்பலாம். வழியில் சுங்கை பத்து. அங்கே 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தெடுத்தவை இரும்பு உருக்கிய இடங்களும், உலைக்குக் காற்றூதிய களிமண் குழாய்களும். மெர்போக்கில், 1980-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம். அதன் அருகிலேயே புக்கிட் பத்து பகாட் கோயிலடித்தளம். 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்சு என்னும் ஆங்கில ஆய்வாளர் தம் மனைவியுடன் இப்பகுதியில் தோண்டி ஆராய்ந்தார். அவர் தேடி வந்தது கடல் கடந்து. நாம் போக வேண்டியது ஒரு செம்பனைக்காடு கடந்து.

அங்கே போகும் மாணவன் இன்னொன்றையும் கற்பான். உலைக்களத்தைக் கண்டபின், 'நாம் வந்தோம், வென்றோம்' என்னும் வெற்றுப் பெருமிதம் தானே அடங்கும். இம்மண்ணில் இரும்பை உருக்கியவர்கள் சோழனின் படை வருவதற்குப் பன்னூற்றாண்டு முன்பே இங்கு வாழ்ந்தவர்கள். பௌத்தமும் சைவமும் வணிகமும் இங்கே ஒன்றாகக் கலந்திருந்தன. இதனைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க நான் பலகாலம் முயன்றிருக்கிறேன். கல்லைத் தொட்டுப் பார்த்தவனுக்கு அரை நிமிடத்தில் புரிகிறது.

2013-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு செய்தி வெளிவந்தது. அப்பள்ளத்தாக்கில், ஆய்வாளர் பட்டியலில் பதினொன்று என எண்ணிடப்பட்டிருந்த பழங்கோயிலின் எச்சம், நிலத்தைச் சீர்படுத்தும் பணியில் இடித்துத் தள்ளப்பட்டுவிட்டது. தனியார் நிலம், அரசிதழில் பதிவாகாத இடம் என்று காரணங்கள் கூறப்பட்டன. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. நம் சங்கங்களும் அறிக்கை விட்டன. நான் கேட்பது வேறு. இடிபடும் நாளுக்கு முன், அதனை நேரில் கண்டிருந்த தமிழ் மாணவர் எத்தனை பேர்? ஆண்டுக்கு இருமுறை ஏதேனும் ஒரு பள்ளியின் பிள்ளைகள் மிதிவண்டிகளை அதனருகே நிறுத்தி இளைப்பாறியிருந்தால், இயந்திரம் நுழைந்த செய்தி மறுவாரமே வந்திருக்கும். கண் படாத இடம்தான் களவு போகும்.

பீடோங்கின் வரலாறு கடாரத்தோடு முடிந்துவிடவுமில்லை. 1947-இல் அங்குள்ள ஹார்வார்ட் தோட்டத்தில் வேரூன்றிக் கள்ளுக்கடைகளை எதிர்த்தெழுந்த தொண்டர் படையைப் பற்றி எத்தனை ஆசிரியர்கள் வகுப்பில் பேசுகின்றனர்? அத்தொழிலாளர் நடந்த மண்சாலைகளே நான் சொல்லும் மிதிவண்டி வழிகள்.

இனித் தடை சொல்வோர்க்கு வருவோம். பாதுகாப்பு என்பர். அவ்வச்சம் நியாயமானது. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் மிதிவண்டியோட்டிய சிறுவர் எண்மர் பின்னிரவில் கார் மோதி மாண்டதை யாரும் மறக்கவில்லை. ஆனால் அச்சிறுவர் உயிரிழந்தது நெடுஞ்சாலையில். பிள்ளைகளுக்கு வண்டியோடாத வழியைக் காட்டாத சமூகம், அவர்கள் நெடுஞ்சாலைக்குப் போனபின் அழுது பயனென்ன? வெயில் என்பர்; காலை ஏழரைக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் நிழல் சேர்ந்துவிடலாம். தேர்வு என்பர், யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. இனியும் அதன் பின்னே ஒளிய வேண்டா.

மெய்யான தடை ஒன்றே: பூட்டிய கதவு. தோட்டச் சாலை தனியார் உடைமை. காவலரை மீறி நுழைதல் முறையன்று. ஒரு தோட்ட நிர்வாகத்துக்கு நான் மும்முறை எழுதியும் மறுமொழி இல்லை. தனிப்பட்ட தலைமையாசிரியன் எழுதினால் இதுவே கதி. ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள இம்மாநிலத்தில், அத்தலைமையாசிரியர்கள் அனைவரும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டு, பள்ளி விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமைக் காலை மட்டும் உட்சாலையைத் திறந்துவிடக் கேட்டால், எந்த நிர்வாகம் எளிதில் மறுக்கும்? இத்தோட்டங்களை நட்டு வளர்த்தவர்களின் பேரர்கள், இரண்டு மணி நேரம் அதன் நடுவே கடந்து போகக் கேட்பது சலுகையும் அன்று.

கடிதத்தின் வரைவு என்னிடம் உண்டு. கேட்கும் பள்ளிகளுக்குப் படி அனுப்புவேன். குலை ஏற்றும் லாரிகள் ஓடாத நாள் எது என்பதை அந்தந்தத் தோட்டத்து மண்டோரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். சனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைவு, மண் இறுகியிருக்கும். ஆனால் ரப்பர் மரங்கள் அப்போது இலையுதிர்ப்பதால் நிழலும் குறைவு. ஆதலால் அம்மாதங்களில் செல்வோர் செம்பனைப் பக்கத்து வழியையே கேட்டு வாங்குக.