மிச்சம் யார் கணக்கில்?

கல்யாணத்துக்குப் போக முடியாதவர்கள் ஒரு காலத்தில் தந்தி அடிப்பார்கள். வாழ்த்தை முழுசாக எழுத வேண்டாம். தந்தி ஆபீஸ் பட்டியலில் ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு நம்பர் உண்டு. நம்பரைக் குறித்துக் கொடுத்தால் போதும், மணமக்கள் கைக்கு முழு வாக்கியம் போய்ச் சேரும். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவையையே மூடிவிட்டார்கள். அந்த உத்தி மட்டும் சாகவில்லை. உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

வேர்டில் ஆட்டோ கரெக்ட் இருக்கிறதே, அது ஸ்பெல்லிங் திருத்த மட்டும்தான் என்றா நினைத்தீர்கள்? மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்றைச் சொல்லி வைத்தால், உங்கள் முழு முகவரியையும் அதுவே அடித்துக் கொடுக்கும். பெரிய பத்திகளுக்கு விண்டோஸில் ஆட்டோஹாட்கீ இருக்கிறது, இலவசம். இரண்டு கோலன், சுருக்கம், மறுபடி இரண்டு கோலன், பிறகு முழு வரி. அவ்வளவுதான். பாஸ்வேர்டை மட்டும் தயவுசெய்து அதில் வைக்காதீர்கள்.

நான் காமர்ஸ் படித்தவன். கணக்குப் போடாமல் விடமாட்டேன். நிமிஷத்துக்கு 40 வார்த்தை அடிப்பவருக்கு 100 வார்த்தைப் பத்தி ஒன்றுக்கு இரண்டரை நிமிஷம். ஒரே பத்தியை தினம் 20 தடவை அடித்தால் 50 நிமிஷம். 300 வேலை நாளில் 250 மணி நேரம்! கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று பணம் வாங்குகிறவர்கள் எழுத்துக்கு கலர் அடிக்கச் சொல்லித் தருகிறார்கள். இதைச் சொல்லித் தருவதில்லை.

சரி, மிச்சமான அந்த 250 மணி யார் கணக்கில் வரவு?

ஒரு முறை ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. வங்கிக்கு மெயில் அனுப்பினேன். 'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். புகார் பரிசீலனையில் உள்ளது' என்று பதில். நினைவூட்டினேன். அதே பதில், அதே கமா. பத்து நாளில் பணம் வந்துவிட்டது. மரியாதைக்கு ஒரு நன்றி மெயில் போட்டேன். அதற்கும் வருந்தினார்கள்!

பதில் போட்டது மனுஷனோ மெஷினோ, என் கடிதத்தை யாரும் படிக்கவில்லை. மனுஷனாக இருந்தால் அந்த ஊழியரைத் திட்ட மாட்டேன். இத்தனை நிமிஷத்தில் இத்தனை பதில் என்று தலைக்கு மேல் ஒரு ஆள் நின்றால் அவர்தான் என்ன செய்வார்? சுருக்கம் வந்ததும் டார்கெட்டை இரட்டிப்பாக்கியது நிர்வாகம். மிச்சமான நேரம் கடிதத்தைப் படிக்கப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இது மிச்சம் பிடித்தல் இல்லை சார், கையாடல்.

அடிக்கிற நேரத்தை தாராளமாகக் குறையுங்கள். படிக்கிற நேரத்தில் கை வைக்காதீர்கள். தந்தி ஆபீசில்கூட, கல்யாணமா, பரீட்சையில் பாஸா என்று பார்த்துத்தான் நம்பர் போட்டார்கள்.