பெயர் வந்துவிட்டது, விமானம் வரவில்லை: மட்டக்களப்பு சர்வதேச விமான நிலையத்தின் கதை

மட்டக்களப்பு வாவியின் கரையில், திமிலைதீவில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. விமான நிலையங்கள் மற்றும் விமான சேவைகள் நிறுவனத்தின் பட்டியலில் கட்டுநாயக்க, மத்தள, இரத்மலானை, பலாலி ஆகியவற்றோடு இதற்கும் 'சர்வதேச' என்ற பட்டம் உண்டு. ஆனால் கிரமமான வெளிநாட்டு விமான சேவை எதுவும் இங்கில்லை. கட்டாருக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போகும் வாகரைப் பெண் இன்றும் இரவிரவாக வானிலோ பஸ்ஸிலோ தீவைக் குறுக்கே கடந்துதான் கட்டுநாயக்கவுக்குப் போகிறாள். சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் தாய் தந்தையரைப் பார்க்க வருபவர்கள் இறங்கிய பின் இன்னும் ஏழெட்டு மணித்தியாலம் தெருவில் இருக்கிறார்கள். வளைகுடாவில் இறந்தவரின் உடலும் அதே தெருவால்தான் வருகிறது.

இந்த நிலையத்தின் வரலாறு நீண்டது. 1958 இல் இங்கு பயணிகள் விமான சேவை தொடங்கியது. 1983 இல் விமானப்படை இதைப் பொறுப்பேற்றது. அதன் பிறகு எங்களுக்கு அது விமான நிலையமாக இருக்கவில்லை, முகாமாகவே இருந்தது. வானில் இரைச்சல் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை நாங்கள். போர் முடிந்த பிறகு புனரமைப்பு நடந்து, 2016 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திறந்து வைத்தார். 2018 இல் உள்நாட்டு விமான நிலையமானது. பின்னர் சர்வதேசப் பெயரும் வந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல் செய்பவரும் எழுவான்கரையில் தோணி வைத்திருப்பவரும் தமது வாழ்க்கையில் இதனால் என்ன மாறியது என்று கேட்டால், சொல்வதற்கு அதிகம் இல்லை. சிறிய செஸ்னா விமானங்கள் வந்து போனதுண்டு. அவற்றில் ஏறியவர்களில் பெரும்பாலானோர் பாசிக்குடாவுக்கு வந்த உல்லாசப் பயணிகள்.

'தேசிய விமான சேவையிடமே விமானம் போதவில்லை, பிறகு மட்டக்களப்புக்கு எங்கே?' என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது.

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் சில வருடங்களாகவே விமானப் பற்றாக்குறையால் தவிக்கிறது. 2016 இல் நான்கு ஏ350 விமானங்களின் குத்தகையை இரத்துச் செய்து, அதற்காக ஏறத்தாழ 100 மில்லியன் டொலரை இழப்பீடாகச் செலுத்த வேண்டி வந்தது. ஒரு விமானமும் வராமல் பணம் மட்டும் போனது. அந்தக் கொள்வனவோடு தொடர்பான இலஞ்ச விவகாரம் 2020 இல் எயார்பஸ் நிறுவனம் பிரித்தானியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளுடன் செய்துகொண்ட தீர்வில் அம்பலமானது. பிறகு மாற்று என்ஜின் கிடைக்காமல் ஏ320 நியோ விமானங்கள் சில தரையில் நின்றன. 2025 ஜூனில் குத்தகைக்கு ஒரு ஏ330 வந்து இறங்கியதே பெரிய செய்தியானது.

உலகத்திலும் இதே நிலைதான். 2024 இல் எயார்பஸ் 766 விமானங்களைக் கையளித்தது. அந்த வருட முடிவில் அதன் கையில் இருந்த கட்டளைகள் 8,658. அதே வேகத்தில் போனால் அவற்றை முடிக்கப் பத்து வருடங்களுக்கு மேல் பிடிக்கும். என்ஜின் பாகங்களுக்கும் ஆசனங்களுக்கும்கூடத் தட்டுப்பாடு. பணம் உள்ள நிறுவனங்களே வரிசையில் நிற்கும்போது, கடனில் மூழ்கிய நிறுவனம் எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த விமானங்கள் எல்லாம் நாளைக்கே வந்து சேர்ந்தாலும் மட்டக்களப்புக்குப் பயன் இல்லை. ஸ்ரீலங்கனிடம் இருப்பவை ஏ320, ஏ321, ஏ330 வகைகள். முழுச் சுமையோடு எழும்ப அவற்றுக்கு இரண்டு கிலோமீற்றர் அளவிலோ அதற்கு மேலோ ஓடுபாதை வேண்டும். திமிலைதீவின் ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுதான். ஆகவே தாமதமாகும் விமானங்களைக் காரணம் காட்டி எங்களைக் காத்திருக்கச் சொல்வது, வராத ரயிலுக்காகப் பஸ் தரிப்பிடத்தில் நிறுத்தி வைப்பது போன்றது.

இந்த ஓடுபாதைக்கு ஏற்ற விமானம் வேறு. ஏடிஆர் 72 என்ற, எழுபது பேரளவில் ஏற்றக்கூடிய விசிறி விமானம் சுமார் 1,300 மீற்றரில் எழும்பிவிடும். பலாலியில் நடப்பது அதுதான். 2019 ஒக்டோபர் 17 இல் பலாலி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டபோது முதலில் வந்திறங்கியது சென்னையிலிருந்து அலையன்ஸ் எயாரின் ஏடிஆர். கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. பலாலியில் பயன்பாட்டில் இருக்கும் ஓடுபாதையின் நீளம் 1,400 மீற்றர். எங்களுடையது அதைவிடக் குறைந்ததல்ல. மட்டக்களப்பிலிருந்து திருச்சி நேர்கோட்டில் 500 கிலோமீற்றருக்கும் குறைவு, சென்னை 600 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். இரண்டும் ஏடிஆருக்கு எட்டக்கூடிய தூரம்தான்.

அப்படியானால் தடை எங்கே? பயணிகள் தொகை என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மத்தளவில் 2013 இல் சீனக் கடனோடு 209 மில்லியன் டொலர் செலவில், 3,500 மீற்றர் ஓடுபாதையோடு நிலையம் கட்டினார்கள். 2015 இல் ஸ்ரீலங்கனும் அங்கிருந்து விலகியது. ஆளில்லாத இடத்தில் பெரிய நிலையம் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். ஆனால் மட்டக்களப்பின் நிலைமை அதற்கு நேர்மாறானது. இங்கே வைத்தியத்துக்கும் படிப்புக்கும் வழிபாட்டுக்கும் தமிழ்நாடு போகிறவர்கள் இருக்கிறார்கள். புலம்பெயர்ந்த உறவுகள் இருக்கிறார்கள். திருகோணமலை, அம்பாறை மாவட்டத்தவரும் வரக்கூடிய தூரம். வாரத்தில் இரண்டு நாள் சேவை என்று தொடங்கிப் பார்ப்பதற்குக்கூட யாரும் முயற்சி எடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஓடுபாதையை நீட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சும் உண்டு. நான் அதில் அவசரப்பட மாட்டேன். நிலையத்தைச் சுற்றி இருப்பது வாவியும் குடியிருப்பும் வயலும். வாவியை நிரப்பினால் இறால் பிடிப்பவரும் வலை வீசுபவரும்தான் முதலில் இழப்பார்கள். காணி எடுத்தால், போரில் ஏற்கனவே இடம்பெயர்ந்தவர்களை மறுபடி எழுப்ப வேண்டி வரலாம். இருக்கும் நீளத்துக்கு ஏற்ற விமானத்தைக் கொண்டுவருவதே முதல் வேலை.

கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, குடிவரவு, சுங்க உத்தியோகத்தர்களைச் சேவை நாட்களில் நிறுத்துவதற்குத் திகதி குறித்த திட்டம். இரண்டாவது, இந்தியப் பிராந்திய விமான நிறுவனங்களுடன் பேச்சு. பலாலிக்கு வருபவர்கள் மட்டக்களப்புக்கு வர என்ன சலுகை தேவை என்று நேரடியாகக் கேட்க வேண்டும். மூன்றாவது, கட்டுநாயக்கவுக்கு நேரடி உள்நாட்டு இணைப்பு. இரத்மலானையில் கொண்டுபோய் இறக்கினால், பெட்டியோடு கொழும்பைக் கடந்து மறுபடி 40 கிலோமீற்றர் அளவு போக வேண்டும். வளைகுடாப் பயணிக்கு அது உதவாது. நான்காவது, பயணிகள் பகுதி முழுமையாகச் சிவில் நிர்வாகத்தின் கீழ் இயங்குவது. சீருடைக்கு முன்னால் அடையாள அட்டையை நீட்டி வளர்ந்தவர்கள் தயக்கமில்லாமல் உள்ளே போக அது அவசியம்.

இந்த நான்கில் ஒன்றுக்கும் எயார்பஸ் தொழிற்சாலையிலிருந்து விமானம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் விமான நிலையத்தைப் பற்றிப் பேசினால், 'எப்போது அபிவிருத்தி செய்வீர்கள்' என்று பொதுவாகக் கேட்டுவிட்டு அமர வேண்டாம். எந்த நிறுவனத்துடன் பேசினீர்கள், எந்தத் திகதியில், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டு, அந்தப் பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுத வைக்கட்டும்.