கடைசி ரேட் சொல்லும் முன்...

"அண்ணே, இன்னொருத்தர் சதுர அடிக்கு நூறு ரூபா கம்மியா சொல்றாரு. உங்க கடைசி ரேட் என்ன?"

கடை, காம்ப்ளெக்ஸ் கட்டும் வேலைக்குப் போட்டி போடும் சிறு கான்ட்ராக்டர்கள் காதில் அடிக்கடி விழும் கேள்வி இது. கணக்குப் பார்க்காமல் தலையாட்டிவிட்டு, தளம் போடும் நேரத்தில் வீட்டு நகையை அடகு வைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு.

முதல் சறுக்கல், வீடு கட்டிய ரேட்டைக் கடைக்கும் சொல்வது. கடைக்குக் கூரை உயரம் அதிகம் கேட்பார்கள். நடுவில் தூண் வேண்டாம் என்பார்கள். தூண்களுக்கு இடையே தூரம் கூடினால் பீம் பெரிதாகும், கம்பி கூடும். உயரம் கூடினால் சென்ட்ரிங், சாரச் செலவு ஏறும். அதனால் வரைபடத்தை வைத்து, மண் தோண்டுவது முதல் பெயின்ட் வரை ஒவ்வொரு வேலைக்கும் அளவு எடுங்கள். பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று தனித்தனியே எழுதுங்கள்.

அடுத்து, சைட்டை நேரில் போய்ப் பாருங்கள். கடைவீதியில் பகலில் லாரி நுழைய முடியுமா? ஜல்லி, எம்-சாண்ட் கொட்ட இடம் இருக்கிறதா? தண்ணீரும் கரண்ட்டும் யார் செலவு? இரவில் இறக்கினால் கூலி கூடுமே! இதெல்லாம் வரைபடத்தில் இருக்காது.

பிறகு வரி. கடைக் கட்டட ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். 'வரி தனி' என்று எழுதாமல் 1 கோடி ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்தால், வரியும் அதிலேயே அடக்கம் என்று உரிமையாளர் சொல்லலாம். பில் தொகையில் 5 சதவிகிதத்தைப் பிடித்து வைத்து, வேலை முடிந்து ஓராண்டு கழித்துத் தரும் நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் உண்டு. அதுவரை அந்தப் பணத்தை நீங்கள்தான் புரட்ட வேண்டும்.

இப்போது பேரம். செலவு 100 ரூபாய், லாபம் 10 ரூபாய், ஆக 110 ரூபாய் என்று வையுங்கள். 'அஞ்சு பர்சென்ட் குறைங்க' என்கிறார். சரி என்றால் போவது 5 ரூபாய் 50 காசு. லாபத்தில் மிச்சம் நாலரை ரூபாய். பாதிக்கு மேல் காலி! நடுவில் கம்பி விலை ஏறினாலோ, மழையால் வேலை நின்றாலோ அதுவும் கரைந்துவிடும்.

குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வேலையிலும் ஒன்றைக் குறையுங்கள். ஷட்டரையோ காம்பவுண்ட் சுவரையோ உரிமையாளரே பார்த்துக்கொள்ளட்டும். கொட்டேஷன் முடிவில் 'இதில் அடங்காதவை' என்று பட்டியல் போடுங்கள். இந்த விலை எத்தனை நாள் வரை செல்லும் என்பதையும் குறிப்பிடுங்கள்.

எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை வீட்டில் உட்கார்ந்து, வரவு செலவு பார்ப்பவரோடு பேசி முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். அதற்கும் கீழே கேட்டால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். கைக்கு வராத வேலைக்கு யாரும் வட்டி கட்டுவதில்லை.