ரத்தத்துக்கும் ஒரு 'செக்கிங்' வேண்டும்!

திருப்பூரில் பனியனில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் செக்கிங் மேஜையில் மாட்டிக்கொள்ளும். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மட்டும், "ஒரு ஊசி போட்டா சரியாப் போகும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

காய்ச்சல் விடவில்லை, குழந்தை வெளுத்துப்போகிறது, ஈறில் ரத்தம் கசிகிறது, அடிபடாமலே உடம்பில் கன்றிப்போகிறது என்றால் அன்றைக்கே ரத்தம் பார்க்கவேண்டும். ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம். போட்ட ஊசி ஸ்டீராய்டாக இருந்தால் சில வகை நோய் கொஞ்ச நாள் பதுங்கிக்கொள்ளும். அது இன்னும் ஆபத்து!

புற்றுநோய் என்று தெரிந்தால் மட்டும் போதாது. எந்த வகை? குழந்தைகளுக்கு வருவதில் பெரும்பாலானவை 'லிம்போ' வகை. நூற்றுக்கு 15 முதல் 20 வரை 'மைலாய்டு' வகை. முன்னதற்கு 2, 3 வருஷ வைத்தியம். பின்னதற்குச் சில மாதம்தான், ஆனால் மருந்து மிகக் கடுமை. மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே ஜாடையாகத் தெரிவதுண்டு. மருந்து மாறினால் கதை கந்தல்.

இதைப் பிரித்துக் காட்டுவதுதான் புளோ சைட்டோமீட்டர் என்ற எந்திரம். சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். ரத்த அணுக்களின்மேல் சி.டி.13, சி.டி.33, சி.டி.117 என்று நம்பர் போட்ட அடையாளங்கள் உண்டு. ஒவ்வொரு அடையாளத்திலும் ஒவ்வொரு சாயம் ஒட்டும். பிறகு அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் வெளிச்சத்தைத் தாண்டும். சில நிமிஷத்தில் ஆயிரக்கணக்கான அணுக்கள்! இந்த மூன்றும் மின்னினால் மைலாய்டு பக்கம் சந்தேகம் விழும். 19 மின்னினால் லிம்போ பக்கம். மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தே டாக்டர்கள் முடிவு சொல்வார்கள்.

மைலாய்டில் ஒரு வகை ரத்தத்தை உறையவிடாது. மூளையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் வந்ததுமே மாத்திரை தொடங்கியாகவேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அணுக்கள் உயிரோடு எந்திரத்துக்குப் போகவேண்டும். எலும்பு மஜ்ஜை எடுத்த 24 மணி நேரத்தில் போனால் நல்லது. 48-ஐத் தாண்டினால் நம்பமுடியாது. பனியன் கம்பெனியில் சம்பளம் சனிக்கிழமை. காசு கைக்கு வருவதே அன்று ராத்திரிதான். மறுநாள் ஞாயிறு. லேப்பில் ஆள் இல்லையென்றால் அப்பனும் ஆத்தாளும் எங்கே போவார்கள்?

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள கோவை சுமார் 50 கிலோமீட்டர்தான். தேதி தவறினால் கைக்காசு போட்டுச் சரக்கை விமானத்தில் ஏற்றும் ஊர் இது. விரல் அளவு குழாயை ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போக ஒரு ஆளும், அங்கே வாங்கிவைக்க ஒரு ஆளும் போட முடியாதா? ஏற்றுமதியாளர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும் ஒருநாள் உட்கார்ந்து பேசட்டும்.